சுட்ட கிழங்கும் சீமை விருந்தாளிகளும்

ஐந்தாவது செமஸ்டர் ஒருவழியாக முடிந்தது. செலவுக் கணக்கியல் பரீட்சை எப்படி எழுதினாய் என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அதனால் இந்த முறை படிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம். வெட்டவெளியில், தணலில் சுட்டுத் தின்கிற கிழங்கைப் பற்றி. (கடைசியில் பார்த்தால் இதுவும் கணக்கில்தான் போய் முடிகிறது, என்ன செய்ய!)

போன மாதம் என் நண்பன் ஒருவனுக்குப் பகுதிநேர வேலையில் முதல் சம்பளம் வந்தது. தூத்துக்குடியில் ஒரு ஹோட்டலுக்கு நாலு பேரை அழைத்துப் போனான். மொட்டைமாடியில் கம்பி வலை போட்ட கரி அடுப்பு வைத்திருந்தார்கள். 'பேக்டு பொட்டேட்டோ' என்று ஒன்றை வரவழைத்தான். வெள்ளிக் காகிதம் சுற்றிய ஒற்றை உருளைக்கிழங்கு. நடுவில் கீறி வெண்ணெய் வைத்திருந்தார்கள். விலை 220 ரூபாய். வரி தனி.

"ஏல, இதை எங்க ஆச்சி ஓசியிலேயே சுட்டுத் தருவா" என்றேன்.

"அது வேற. இது வெளிநாட்டு அயிட்டம்" என்றான் அவன்.

"வெளிநாடாவது ஒண்ணாவது, சுட்ட கிழங்கு நம்ம ஊர்ச் சாப்பாடு" என்று நான் மல்லுக்கு நின்றேன்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. இரண்டு பேர் சொன்னதுமே தப்பு. எப்படி என்று சொல்கிறேன்.

கிழங்கு சுட்ட முதல் மனிதன்

கிழங்கைச் சுட்டுத் தின்பது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. நாடு, மொழி எல்லாம் வருவதற்கு முந்தைய பழக்கம் அது. தென்னாப்பிரிக்காவில் பார்டர் குகை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே பழைய அடுப்புச் சாம்பலில் கருகிய கிழங்குத் துண்டுகள் கிடைத்தன. வயது ஏறக்குறைய 1,70,000 ஆண்டுகள். லின் வாட்லி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2020-ல் இதை வெளியிட்டார்கள். அன்றைக்கு யாரோ சாம்பலுக்குள் புதைத்துவிட்டு எடுக்க மறந்த கிழங்கு. நம் வீட்டிலும் ஒன்றிரண்டு அப்படித்தான் கரியாகிப் போகும்.

தமிழ்நாட்டிலும் கிழங்குக்குப் பழைய வரலாறு உண்டு. புறநானூற்றில் கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பாடும்போது, உழவர் உழாமலே அந்த மலை நாலு பொருள் தரும் என்கிறார் (109-ஆம் பாட்டு). மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மூவேந்தரும் வருஷக்கணக்கில் முற்றுகை போட்டாலும் உள்ளே பட்டினி இருக்காது என்பதற்கு அவர் காட்டும் கணக்கு அது. அதில் மூன்றாவது இடம் கிழங்குக்கு.

அந்த வள்ளிக்கிழங்கு மலைக்காட்டுக் கொடியின் கிழங்கு. நாம் இன்று சாப்பிடும் சர்க்கரைவள்ளி (எங்கள் பக்கம் சீனிக்கிழங்கு) அது இல்லை. மரவள்ளியும் அது இல்லை. இந்த இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவை. வந்த புதுக் கிழங்குக்கு நம்மவர்கள் பழைய கிழங்கின் பெயரையே வைத்துவிட்டார்கள். முன்னால் 'சர்க்கரை' என்றும் 'மர' என்றும் ஓர் அடைமொழி, அவ்வளவுதான். ஊருக்குப் புதிதாக வாழ வந்த மருமகளுக்குப் புகுந்த வீட்டுப் பெயர் ஒட்டிக்கொள்கிற மாதிரி.

எட்டாயிரம் ஆண்டுப் பயிர்

உருளைக்கிழங்கின் பிறந்த வீடு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. இன்றைய பெரு, பொலிவியா நாடுகளில் திதிகாக்கா ஏரியைச் சுற்றிய பகுதி. ஏழெட்டாயிரம் ஆண்டுகளாக அங்கே பயிர் செய்கிறார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் கிழங்கு சுடும் முறை ஒன்று இருக்கிறது. பெயர் 'வாத்தியா'. (வாத்தியாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அறுவடை முடிந்த வயலிலேயே மண்கட்டிகளைப் பொறுக்கிக் குவிமாடம் மாதிரி சின்ன அடுப்பு கட்டுவார்கள். உள்ளே தீ மூட்டி, மண்கட்டி நன்றாகக் கனிந்ததும் தீயை வெளியே இழுத்துவிட்டு, கிழங்குகளைப் போட்டு, அடுப்பையே அவற்றின் மேல் இடித்துத் தள்ளிவிடுவார்கள். சுட்ட மண்ணின் சூட்டிலேயே கிழங்கு வெந்துவிடும். பாத்திரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இந்த வாத்தியாவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எங்கள் ஊரில் மறுபடி வரும்.

இன்னொரு விஷயம்தான் என்னை உட்காரவைத்தது. மலை மேல் ராத்திரி உறைபனியில் கிழங்கைப் பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்தால் வருஷக்கணக்கில் கெடாத வற்றல் ஆகிவிடும். 'சுன்யோ' என்று பெயர். 1545-ல் பொலிவியாவில் பொத்தோசி என்ற மலையில் வெள்ளி இருப்பது ஸ்பானியர்களுக்குத் தெரியவந்தது. ஆயிரக்கணக்கான பழங்குடி மக்களைக் கட்டாய வேலைக்குச் சுரங்கத்தில் இறக்கினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது இந்தக் காய்ந்த உருளைக்கிழங்குதான்.

அந்த வெள்ளி எங்கே போனது? ஸ்பெயின் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவி, அதில் கணிசமான பங்கு ஆசியாவுக்கு வந்தது. ஐரோப்பிய வணிகர்கள் வாங்க நினைத்தது நம் துணியும் மிளகும். பதிலுக்கு விற்க அவர்களிடம் நாம் விரும்பி வாங்கும் சரக்கு அதிகம் இல்லை. ஆகவே வெள்ளியைக் கொடுத்து வாங்கினார்கள். நம்ம தூத்துக்குடியில் முதலில் போர்ச்சுகீசியர் இருந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். திருநெல்வேலிச் சீமைத் துணி அவர்கள் கப்பலில் ஏறியது.

யோசித்துப் பாருங்கள். நான் இருக்கும் புதியம்புத்தூர் ரெடிமேடு தைக்கிற ஊர். தீபாவளி நெருங்கினால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தெருவில் தையல் மிஷின் சத்தம் கேட்கும். இந்தக் கரிசல் சீமைப் பருத்திக்கும், எங்கோ ஒரு மலையில் காய்ந்த உருளைக்கிழங்கைத் தின்று வெள்ளி வெட்டியவனுக்கும் 350 வருஷத்துக்கு முன்பே கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது. இரண்டு பேருக்குமே மற்றவன் இருப்பது தெரியாது. வணிகவியல் என்றால் இதுதான் போலிருக்கிறது.

பெயரும் அங்கிருந்துதான்

கரீபியன் தீவுகளில் தாயினோ என்ற மக்கள் இருந்தார்கள். கொலம்பஸ் 1492-ல் முதலில் சந்தித்தது அவர்களைத்தான். சீனிக்கிழங்குக்கு அவர்கள் வைத்த பெயர் 'பட்டாட்டா'. ஸ்பானியர்கள் அதை உருளைக்கிழங்குக்கும் சேர்த்துக் குழப்பிவிட, ஆங்கிலத்தில் 'பொட்டேட்டோ' ஆனது. மராத்தியிலும் குஜராத்தியிலும் இன்றும் 'பட்டாட்டா'தான். மும்பைக்காரரின் பட்டாட்டா வடையில் ஒரு கரீபியன் தீவு ஒளிந்திருக்கிறது.

அதே தாயினோ மக்கள், தீக்கு மேலே குச்சிகளால் பரண் மாதிரி கட்டி இறைச்சி வாட்டுவார்கள். அதன் பெயர் 'பார்பகோவா'. அதுதான் இன்றைய 'பார்பிக்யூ'. ஹோட்டல் மாடியில் நாங்கள் பார்த்த கம்பி அடுப்பின் பெயரும், அதன் மேல் இருந்த கிழங்கின் பெயரும் ஒரே மொழி. அந்த மொழியைப் பேசியவர்களில் பெரும்பாலோர் நோயிலும் அடிமை வேலையிலும் அடுத்த சில பத்தாண்டுகளில் மடிந்துபோனார்கள். மொழியும் பேச்சு வழக்கிலிருந்து போய்விட்டது. அவர்களுடைய சில சொற்கள் மட்டும் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 220 ரூபாய் கிழங்கைத் தின்றபோது இது தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு சத்தமாகச் சண்டை போட்டிருக்க மாட்டேன்.

இதே கிழங்கு ஐரோப்பாவில் முதலில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டு, பிறகு ஏழைகளின் சோறானது. ஹென்றி மேஹ்யூ 1851-ல் வெளியிட்ட லண்டன் ஏழைகளைப் பற்றிய நூலில், தெருவில் தகர அடுப்போடு சுட்ட உருளைக்கிழங்கு விற்றவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். குளிர்காலத்தில் வாங்கியவர்கள் முதலில் கையைச் சூடுபடுத்திக்கொண்டு பிறகுதான் தின்பார்களாம்.

நீலகிரியில் இறங்கி, மேட்டுப்பாளையத்தில் லாரி ஏறி

தமிழ்நாட்டில் உருளைக்கிழங்கு வேர் பிடித்தது நீலகிரியில். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரிப் பக்கம் ஏறினார். பிறகு ஊட்டியில் குடியேறி, சீமைக் காய்கறிகளைப் பயிர் செய்து பார்த்தார். உருளைக்கிழங்கு நன்றாக வந்தது. படுகர்கள் அதைத் தங்கள் பயிராகவே ஆக்கிக்கொண்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் மலை ரயில் வந்தது. கிழங்கு மலையிறங்கி வந்து குவிகிற மேட்டுப்பாளையம் பெரிய உருளைக்கிழங்குச் சந்தையானது. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை 1957-ல் ஊட்டி அருகே முத்தோரையில் தொடங்கியது. 1961-ல் அதே நீலகிரியில் கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. விருந்தாளியோடு அவனுடைய நோயும் வந்திருந்தது.

எங்கள் கரிசலில் உருளைக்கிழங்கு ஒருபோதும் விளைந்ததில்லை. கிழங்கு பிடிக்க ராத்திரியில் குளிர் வேண்டும். மண்ணும் பொலபொலவென்று இருக்க வேண்டும். கரிசலோ மழை பெய்தால் உப்பிக் களியாகும், காய்ந்தால் காலை விடுகிற அளவுக்கு வெடித்துப் பிளக்கும். அதற்குள் கிழங்கு எங்கே உருண்டு திரள? இங்கே சரிப்பட்டது பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய், மல்லி. செம்மண்ணும் தேரி மணலும் இருக்கிற பக்கம் பனை. எங்கள் பகுதியின் அசல் நாட்டுக் கிழங்கு என்றால் பனங்கிழங்குதான். பனங்கொட்டையைப் புதைத்து மூன்று நாலு மாதம் கழித்துத் தோண்டி எடுத்தால் பொங்கலுக்குக் கிழங்கு.

ஆக உருளைக்கிழங்கு இங்கே லாரியில் வந்த சரக்கு. சரி, சுடுகிற நெருப்பாவது நம்முடையதா?

ஒடமரம்

கரிசல் காட்டில் பழைய விறகு பருத்திமார். பருத்தி எடுத்து முடிந்ததும் காய்ந்த செடியைப் பிடுங்கி வீட்டில் அடுக்கி வைப்பார்கள். சடசடவென்று எரியும், சீக்கிரம் அணைந்துவிடும். கஞ்சி காய்ச்ச அது போதும். கம்பங்கதிரை அனலில் வாட்டிக் கசக்கித் தின்னவும் போதும். ஆனால் ஒரு முழுக் கிழங்கு உள்ளே வரை வேக முக்கால் மணி நேரம் நின்று கனலும் கங்கு வேண்டும். அது பருத்திமாரில் கிடைக்காது.

நின்று கனலும் கங்கு வேண்டும் என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் போவது ஒரே மரத்திடம். புத்தகத்தில் சீமைக்கருவேல். சில ஊர்களில் வேலிக்கருவை, வேலிக்காத்தான். எங்கள் ஆச்சிக்கு அது ஒடமரம்.

இதுவும் அமெரிக்கக் கண்டத்து மரம். மெக்சிகோ, கரீபியன், தென்னமெரிக்காவின் வடபகுதி இதன் பூர்வீகம். காமராஜர் காலத்தில்தான் விதை தூவினார்கள் என்று பலர் சொல்வார்கள். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, 1877-ல், ஜமைக்காவிலிருந்து வந்த விதையை அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைத்திருக்கிறார்கள். வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற அதிகாரி கேட்டு வரவழைத்தது. 1877 என்றால் தாது வருஷப் பஞ்சத்தின் நடுப்பகுதி. 1876 முதல் 1878 வரை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்த காலம். அந்த வருஷத்தில் மண்ணில் விழுந்த விதை, மழையே இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் விதை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பின. கண்மாய், ஓடை, மேய்ச்சல் நிலம், தரிசு என்று எல்லா இடத்திலும் ஏறியது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்களைக் கூட வரிசையில் நிற்கவைத்து உறுதிமொழி எடுக்கவைத்தார்கள்.

நான் வாங்கிய பரிசு

இப்போதுதான் சொந்தக் கதை வருகிறது.

போன வருஷம் கல்லூரியில் ஒரு பேச்சுப் போட்டி. தலைப்பு 'சீமைக்கருவேலை வேரறுப்போம்'. நான் பேசினேன். "நீரைக் குடிக்கும் அரக்கன், நிலத்தைத் தின்னும் பேய், அந்நியச் சதி" என்று வாட்ஸப்பில் வந்ததை எல்லாம் சேர்த்து முழங்கினேன். நல்ல கைதட்டல். இரண்டாம் பரிசு. சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்து ஆச்சியிடம் காட்டினேன். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. எதுக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னாள்:

"ஒங்க தாத்தா போனதுக்கப்புறம் மூணு பிள்ளையள எத வச்சு வளத்தேன்? மழையா பெஞ்சுது? அந்த ஒடமரந்தானல கஞ்சி ஊத்துச்சு. வெட்டணும்னா வெட்டுங்க. திட்டிக்கிட்டு வெட்டாதீய."

ஆச்சி கரிமூட்டத்தில் வேலை பார்த்தவள். எனக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

மரத்தை வெட்டி, முள்ளைக் கழித்து, ஒரே அளவாகத் துண்டு போட்டு, குவியலாக அடுக்குவார்கள். அதன் மேல் தழையும் வைக்கோலும் பரப்பி, ஈர மண்ணால் முழுக்க மூடுவார்கள். ஒரு வாய் வழியாகத் தீ வைத்து, காற்று போகச் சின்னச் சின்ன ஓட்டை விடுவார்கள். உள்ளே கட்டை எரியக் கூடாது, வேக வேண்டும். முதலில் வெள்ளைப் புகை வரும். அது கட்டையில் இருக்கிற தண்ணீர். நாள் போகப் போகப் புகை மெலிந்து நீலம் கட்டும். அப்போது ஓட்டைகளை அடைத்து ஆறவிட வேண்டும். நல்ல மூட்டத்தில் கூட ஒரு டன் கரிக்கு நாலைந்து டன் விறகாவது போகும்.

ராத்திரியில் காவல் இருக்க வேண்டும். காற்று திசை மாறி மண்மூடி எங்காவது விரிந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். புகுந்தால் எல்லாம் சாம்பல். ஆச்சி ஒரு ராத்திரி அசந்து தூங்கிவிட்டாள். அம்மாவுக்கு அப்போது காய்ச்சல், முந்தின ரெண்டு ராத்திரியும் தூக்கம் இல்லை. விடியும்போது மூட்டத்தின் ஒரு பக்கம் உள்வாங்கிக் கிடந்தது. பாதிக் கரி போச்சு. வாங்கிய முன்பணம் கடனாகிவிட்டது. அதை அடைக்க ஒன்றரை வருஷம் ஆனதாம். அவள் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு மூட்டம் பிரிக்கும்போது கங்கு பட்டது. சின்ன வயதில் அதைக் கொதிக்கிற எண்ணெய் பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ராத்திரி காவல்ல என்ன ஆச்சி சாப்பிடுவிய?" என்று கேட்டேன்.

"கெழங்குதான். சந்தையில கழிச்சுப் போட்ட சின்ன உருளக்கெழங்க மடியில கட்டிக்கிட்டு வருவேன். மூட்டம் பிரிச்ச மண்ணு சுடச்சுடக் கெடக்கும்லா, அதுக்குள்ள பொதச்சு வச்சா வெந்துரும்."

கொஞ்ச நாள் கழித்துத்தான் வாத்தியாவைப் பற்றிப் படித்தேன். சுட்ட மண்ணுக்குள் கிழங்கைப் புதைக்கிற முறை. திதிகாக்கா ஏரிக்கரையில் யாரும் வந்து ஆச்சிக்குச் சொல்லித்தரவில்லை. பாத்திரமும் நேரமும் இல்லாத ஒருத்தி, கையில் இருக்கிற சூட்டை வீணாக்காமல் கண்டுபிடித்தது. அங்கேயும் அப்படித்தான் கண்டுபிடித்திருப்பார்கள்.

சுடுவது எப்படி

ஹோட்டலிலிருந்து வந்த மறுவாரம் ஆச்சியும் நானும் கொல்லையில் சுட்டோம். முறையை எழுதுகிறேன்.

தீ எரியும்போது கிழங்கு வைக்கக் கூடாது. வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். சுவாலை அடங்கி, கங்கின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் வைக்க வேண்டும். தோலைச் சீவக் கூடாது, கழுவித் துடைத்தால் போதும். பச்சை நிறம் ஏறிய கிழங்கும் முளைவிட்ட கிழங்கும் வேண்டாம். அதில் இருக்கும் சொலனைன் என்ற நஞ்சு சுட்டாலும் போகாது. கம்பி வலை மேல் வைத்தால் அடிக்கடி திருப்ப வேண்டும், மேலே ஒரு சட்டி கவிழ்த்தால் சீக்கிரம் வேகும். சாம்பலுக்குள் புதைத்தால் நடுத்தரக் கிழங்குக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஈர்க்கால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும்.

சீனிக்கிழங்கு அவித்ததைவிடச் சுட்டால் ஏன் அதிகம் இனிக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. அதற்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஒரு நொதி இருக்கிறது. கிழங்கின் உள்சூடு 60 முதல் 75 டிகிரி வரை இருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். கொதிக்கிற தண்ணீரில் கிழங்கு அந்தச் சூட்டைச் சீக்கிரம் தாண்டிவிடும். சாம்பலில் மெதுவாகத் தாண்டும். "மெல்ல வெந்தாத்தான் இனிக்கும்" என்று ஆச்சி சொன்னதும் இதேதான்.

வெள்ளிக் காகிதம் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் சுற்றிச் சுடுவது தப்பில்லை. ஆனால் சுட்டதை அப்படியே சுற்றி வெளியில் நாள்கணக்கில் வைக்கக் கூடாது. 1994-ல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் அப்படி வைத்த கிழங்கைச் சேர்த்துச் செய்த பண்டத்தால் 30 பேருக்கு பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வந்தது. காற்றுப் புகாத ஈரச் சூடு அந்தக் கிருமிக்கு நல்ல இடம். சுட்டால் உடனே தின்றுவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை, மிஞ்சுவதே இல்லை :-)

பற்று வரவு

கிழங்கை உடைத்து, உப்பும் வற்றல்பொடியும் தொட்டுத் தின்றுகொண்டே ஒரு கணக்குப் போட்டேன்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை: உருளைக்கிழங்கு, சீனிக்கிழங்கு, வற்றல்பொடியாகியிருக்கும் மிளகாய், பக்கத்தில் கொறிக்க வைத்திருந்த நிலக்கடலை, அடுப்பில் கனலும் ஒடமரம். எங்கள் பக்கத்து ஊரான கோவில்பட்டியின் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதற்குள் இருக்கும் கடலையும் தென்னமெரிக்காக்காரன்தான்.

நம்ம ஊர்ச் சரக்கு: தூத்துக்குடி உப்பு, கோவில்பட்டித் தீப்பெட்டி, கரிசல் மண், ஆச்சி. (தீப்பெட்டித் தொழிலையும் 1922-ல் சிவகாசியிலிருந்து இரண்டு பேர் கல்கத்தா போய்க் கற்றுவந்து 1923-ல் தொடங்கினார்கள். ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரிலிருந்து இரண்டு ரூபாய்.)

இத்தனை பேரும் ஒரே சீமையிலிருந்து வந்த விருந்தாளிகள். மிளகாயை அந்நியச் சதி என்று யாரும் சொல்வதில்லை. உருளைக்கிழங்கை வேரறுப்போம் என்று பேச்சுப் போட்டி நடப்பதில்லை. இன்றைக்கும் சோறு போடுகிறவன் நாட்டுக்காரன் ஆகிவிட்டான். ஒரு காலத்தில் சோறு போட்டு, இப்போது நமக்குத் தேவைப்படாமல் போனவன் பெயரில் மட்டும் 'சீமை' ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

இதற்காக நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கண்மாய்க்குள்ளும் ஓடையிலும் மேய்ச்சல் நிலத்திலும் அந்த மரம் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அது மற்ற செடியை வளரவிடுவதில்லை, தண்ணீர்ப் பாதையை அடைக்கிறது. ஆனால் ஐந்தொகை போடும்போது பொறுப்புகளை மட்டும் எழுதிச் சொத்துகளை விட்டுவிட்டால், எங்கள் பேராசிரியர் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். என் பேச்சுப் போட்டி அப்படிப்பட்ட ஐந்தொகைதான். ஒரு பக்கம் மட்டும் எழுதி இரண்டாம் பரிசு வாங்கிவிட்டேன். மூட்டத்தில் இன்றும் வேலை பார்ப்பவர்கள் மரம் போன பிறகு என்ன செய்வார்கள் என்று அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு வரி கூட நான் பேசவில்லை. என் அம்மா பள்ளிக்கூடம் போனது அந்தக் கரிக்காசில்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

இந்த வருஷமும் அதே போட்டி வரும் என்கிறார்கள். வந்தால் பெயர் கொடுப்பேன். மரத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்வேன். எடுப்பதற்கு முன்னால் யாரிடம் கேட்க வேண்டும் என்றும் சொல்வேன். பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அந்த நண்பனையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டு அயிட்டம்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தானே, ஆச்சி சுட்டுத் தருவாள். கிழங்கிலிருந்து கங்கு வரை எல்லாமே வெளிநாடு. வரி கிடையாது.